டிஸ்க் அடுப்பைக் கட்டும் விதம்

நெமிலிச்சேரி
10.11.2024

அன்புள்ள தம்பி ஜாபஸுக்கு,

அக்கா ஸ்வீட்லின் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் நானும் ரோஷினியும் சுகம். நீ எப்படி இருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய், காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள், எதுவும் தெரியாமல் இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. உன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று போனில் அந்தப் பெண் சொல்லிச் சொல்லி எனக்கு அவள் குரலே பழகிவிட்டது. அம்பத்தூர் பட்டறையில் உன்னோடு வேலை பார்த்த ஜோஸிடம் போய் நின்று இந்த முகவரியை வாங்கினேன். லிட்டில் அந்தமான் என்று படித்ததும் மேப்பில் தேடிப் பார்த்தேன். அவ்வளவு தூரமா?

உன் மச்சானை அடக்கம் செய்த மூன்றாம் நாள் நீ போனாய். அதற்குப் பிறகு இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. ஆவடி தொழிற்சாலையில் அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள், ஸ்டோர்ஸில் இருக்கிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் வாடகைக்கு வந்துவிட்டோம். ரோஷினி வேலப்பன்சாவடியில் காலேஜ் இரண்டாம் வருஷம். முகாமிலிருந்து திரும்பும்போது வேன் ஓட்டிய அந்த வெங்கட் மேல் கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா போகிறேன். அவன் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

எழுத வந்த விஷயம் வேறு. அந்த விபத்துக்குப் பிறகு நின்றுபோன சபை வாலிபர் முகாமை வருகிற மே மாதம் மறுபடி நடத்தப் போகிறார்கள். ஜவ்வாது மலை, இருபது பேர், மூன்று நாள். சமையல் பொறுப்பு ரோஷினிக்கு. "அப்பா சமைச்ச அந்த டிஸ்க்லதான் சமைப்பேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீ டிராக்டர் கலப்பைத் தட்டை வாங்கி, நடு ஓட்டையை அடைத்து, மூன்று கால் வைத்துச் செய்தாயே, அது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சாமான்களை நீதான் வாங்கி வந்தாய் என்றார்கள். எங்கே வைத்திருக்கிறாய்?

பதில் போடு. இரண்டு வரி போதும்.

உன் அக்கா
ஸ்வீட்லின்


ஹட்பே, லிட்டில் அந்தமான்
14.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நல்லபடியாக இருக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. சாப்பாட்டுக்குக் குறையில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ரோஷினியை விசாரித்ததாகச் சொல்.

அந்த டிஸ்க் இப்போது இல்லை. அதைத் தேட வேண்டாம்.

புதிதாக வாங்குங்கள். இருபது பேருக்கு இருபத்திரண்டு அங்குலம் போதும், இரண்டு ஈடாகப் போட்டுக்கொள்ளலாம். கலப்பைத் தட்டு வேண்டாம், கனம் அதிகம். கேம்ப்புக்கென்றே மெல்லிய தகட்டில் கடைகளில் வருகிறது. கால்கள் திருகிக் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். கேஸ் பர்னர் தனியாகக் கழல வேண்டும். முக்கியமாக விளிம்பைப் பார்க்கச் சொல். மடித்து உருட்டிய விளிம்பா என்று விரலால் சுற்றிலும் தடவிப் பார்க்கட்டும். கூர்மையாக இருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

எந்த வண்டியில் போகிறார்கள், அடுப்பை எங்கே வைக்கப் போகிறார்கள் என்று எனக்கு எழுது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்.

தம்பி
ஜாபஸ்


நெமிலிச்சேரி
04.01.2025

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் புது வருஷ வாழ்த்துக்கள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். என் முழங்கால் ஞாபகம் இருக்கிறதே உனக்கு! ஸ்டோர்ஸில் ஏணி ஏறி இறங்கி அது இன்னும் மோசம்தான். கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்தேன். காலையில் ஆராதனை முடிந்து கல்லறைக்குப் போய் உன் மச்சானுக்குப் பூ வைத்துவிட்டு வந்தோம். "ஞானசேகரன்" என்று கல்லில் வெட்டின எழுத்தில் பாசி பிடித்திருந்தது. ரோஷினி பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள்.

பூந்தமல்லியில் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கினோம். இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று கலப்பைத் தட்டு, இருபத்துநான்கு அங்குலம், காலோடு பதினெட்டு கிலோ. இன்னொன்று நீ சொன்ன மெல்லிய தகடு, ஒன்பது கிலோ, இரண்டு பக்கம் பிடி, உருட்டின விளிம்பு. கடைக்காரர் "மெல்லிசு சீக்கிரம் அடி புடிக்கும்மா, கனமா கீறதை வாங்கினு போங்க" என்கிறார். ரோஷினிக்கும் கனமானதுதான் வேண்டும், அப்பாவுடையது மாதிரி இருக்கிறதாம். நீ சொல்கிறதை வாங்குகிறோம்.

ஜாபஸ், ஒன்று கேட்கட்டுமா? அந்தக் கடைசி முகாமில் அவர் எப்படி இருந்தார்? என்ன சமைத்தார்? கிளம்பும் காலையில் என்ன பேசினார்? அன்றைக்கு நான் கூட வரவில்லை. ரோஷினிக்குப் பரீட்சை. போய் வந்த யாரைக் கேட்டாலும் "நல்லா இருந்தார்க்கா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிறார்கள். நீ அவர் கூடவே இருந்தாய். எனக்குக் கொஞ்சம் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஹட்பே
07.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை நின்றுவிட்டது. உடம்பு சுகம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தால் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டு.

ஒன்பது கிலோவையே வாங்கு. அடி பிடிக்கும் என்றால் கிளறிக்கொண்டே இருக்கட்டும். கனமானது வேண்டவே வேண்டாம். ரோஷினியிடம் நான் சொன்னேன் என்று சொல்.

வாங்கினதும் எண்ணெய் தடவி, புகை வரக் காய வைத்து, ஆறவிட்டு மறுபடி தடவ வேண்டும். மூன்று தடவை. இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.

கட்டுகிற விதத்தைக் கவனமாகப் படி. முடிந்தால் அடுப்பு, சிலிண்டர், அண்டா எல்லாவற்றையும் தனியாக லோடு ஆட்டோவில் அனுப்பிவிடு. அதுதான் நல்லது. முடியாது, ஆட்கள் போகும் வேனில்தான் என்றால், முதலில் கால்களையும் பர்னரையும் கழற்றிக் கோணியில் சுற்று. டிஸ்க்கைத் தரையில் கவிழ்த்து வை. பைகளுக்கு மேல் வைக்கக் கூடாது. பின்சீட்டுக்குப் பின்னால் உயரமாக வைக்கக் கூடாது. சீட்டின் இரும்புக் காலோடு சேர்த்து இரண்டு பெல்ட் போட வேண்டும். கயிறு வேண்டாம், நனைந்தால் முடிச்சு அவிழ்க்க வராது. லாரிக்காரர்கள் போடுகிற பெல்ட் கேட்டால் கிடைக்கும். போட்ட பிறகு இரண்டு கையாலும் இழுத்துப் பார். அசையக் கூடாது. அதன் வழியில் யாரும் உட்காரக் கூடாது. கட்டினவன் சொன்னான் என்று நம்பக் கூடாது. இன்னொருவர் போய்ப் பார்க்க வேண்டும். வழியில் டீக்கு நிறுத்தினால் மறுபடி பார்க்க வேண்டும். திரும்பி வரும்போதும் இதே மாதிரி. திரும்பி வரும்போதுதான் எல்லோருக்கும் அவசரம் வரும்.

மச்சான் அன்று காலையில் முட்டை சாதம் செய்தார். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டார்.

தம்பி
ஜாபஸ்


நெமிலிச்சேரி
26.02.2025

ஜாபஸுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

நான் கேட்டது உன் மச்சானைப் பற்றி. நீ எழுதியது முழுக்க அடுப்பைக் கட்டுகிறதைப் பற்றி. ரோஷினி வாங்கிப் படித்துவிட்டு, "மாமா இன்னாம்மா, அடுப்ப கட்ட சொல்றாரா, யானைய கட்ட சொல்றாரா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். எட்டாவது தடவையோ என்னவோ, எழுந்து போய் பீரோவைத் திறந்தேன்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் என் பீரோவில் இருக்கிறது. தலையின் பின்பக்கம், கழுத்துக்கு மேலே, வெட்டு மாதிரி காயம் என்று போட்டிருக்கிறது. வேன் இடித்தது முன்பக்கம். மற்ற எல்லோரும் கை கால் சிராய்ப்போடு இறங்கி வந்தார்கள். அவருக்கு மட்டும் பின்னாலிருந்து எப்படி அடிபட்டது? இதை நான் வக்கீலைக் கேட்டேன், போதகரைக் கேட்டேன். வண்டி குலுங்கினதில் எங்கேயோ மோதியிருக்கும் என்றார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். தெரிந்துகொண்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

இப்போது பயம் போய்விட்டது. எழுது.

ஸ்வீட்லின்


நெமிலிச்சேரி
06.04.2025

ஜாபஸ் மாமா,

ரோஷினி. நல்லா இருக்கீங்களா? நான் உங்களுக்கு எழுதறது அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா லெட்டர் போட்டு நாப்பது நாள் ஆகுது. தினமும் டூட்டி முடிஞ்சு வந்ததும் முதல்ல கீழ் வீட்டு லூர்தம்மாள் ஆன்ட்டிகிட்ட "தபால் வந்துச்சா?"ன்னு கேக்கறாங்க. அப்புறம்தான் செருப்பையே கழட்டறாங்க.

ஒன்பது கிலோ அடுப்பு வாங்கிட்டோம். பர்னர் டியூப் சரியா மாட்டலன்னு ஜோஸ் அண்ணன் பட்டறைக்கு எடுத்துனு போனேன். பழைய டிஸ்க் எங்கண்ணா, எங்கண்ணான்னு அவரை விடாம கேட்டேன். கடைசில அவர் கேஸ் கட்டரைக் காட்டி, "உங்க மாமன் அத்த இங்கயே வச்சி துண்டு துண்டா அறுத்துட்டாம்மா, அறுத்துகினே அழுதான்"னார். ஏன்னு கேட்டேன். அப்புறம் சொல்லிட்டார்.

அதனால எனக்குத் தெரியும் மாமா. அந்த டிஸ்க்தான்னு தெரியும். நாலு நாள் உங்க மேல அவ்ளோ கோவமா இருந்தேன். இப்பவும் கீது. ஆனா அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஜோஸ் அண்ணனும் சொல்லக் கூடாது. அது நீங்க சொல்ல வேண்டியது. முகாமுக்கு மே பதினஞ்சாம் தேதி கிளம்பறோம். அதுக்குள்ள சொல்லுங்க. சொல்லலன்னா நான் போக மாட்டேன்.

உடம்பப் பாத்துக்கங்க.

ரோஷினி


ஹட்பே
22.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இங்கே போன் இருக்கிறது. பட்டறையில் கேட்டால் கொடுப்பார்கள். உன் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் இதைச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அது சனிக்கிழமை. மலையில் விடியும்போதே மழை. ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ஊர் சேர வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். சாமான் ஏற்றும் வேலை என்னுடையது. போகும்போது டிஸ்க்கை நன்றாகக் கட்டித்தான் எடுத்துப் போனேன். அந்தக் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாய் கட்டியிருந்தேன். அது நனைந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. அவிழ்க்க வரவில்லை. அறுத்தால் கயிறு வீணாகும் என்று அதைத் தார்ப்பாயோடு அப்படியே சுருட்டிப் போட்டுவிட்டு, டிஸ்க்கைப் பின்சீட்டுக்குப் பின்னால் பைகளுக்கு மேலே வைத்தேன். கால்களை மட்டும் கழற்றியிருந்தேன்.

வெங்கட் வந்து கேட்டான், "அண்ணே, பின்னால எல்லாம் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு, நீ வண்டிய எடு" என்றேன்.

மச்சானும் கேட்டார். மழையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, "டேய் ஜாபஸ், அந்த டிஸ்க்க கட்டினியாடா?" என்றார்.

"கட்டிட்டேன் மச்சான், நீங்க ஏறுங்க."

அக்கா, இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேரிடமும் பொய் சொன்னேன். திரும்பிப் போய்க் கட்டியிருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அவருக்கு முன்சீட்டுதான். வாணியம்பாடி தாண்டி ஒரு பெண்ணுக்கு வாந்தி வந்தது. "நீ முன்னால உக்காரும்மா" என்று எழுந்து கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்கு வந்தார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் டிஸ்க் இருப்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

குமணன்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பைக், குழந்தையோடு, குறுக்கே வந்தது. வெங்கட் பிரேக் போட்டு வண்டியை ஒடித்துத் திருப்பினான். அந்தக் குழந்தை பிழைத்தது. வேன் நடுச்சுவரில் இடித்து நின்றது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் வேனுக்குள் சீட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. அதன் விளிம்பை நான் மழுக்காமல் விட்டிருந்தேன், மண்ணை வெட்டுகிற விளிம்பு. மச்சான் முன்னால் சாய்ந்திருந்தார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

போலீஸ் வந்தபோது வெங்கட் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் மேல் கேஸ் போட்டார்கள். நீ ஆஸ்பத்திரி வாசலில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாய். அப்போதும் நான் சுவரைப் பார்த்து நின்றேன். அதற்குப் பிறகு உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல்தான் ஓடி வந்தேன்.

மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. நீ கேட்டாய். இதுதான் நடந்தது.

ஜாபஸ்


நெமிலிச்சேரி
18.05.2025

ஜாபஸ்,

நாங்கள் இருக்கிறோம். நீயும் உயிரோடு இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. அன்றைக்கும் மறுநாளும் வேலைக்குப் போகவில்லை. ரோஷினி சமைத்து வைத்தாள், சாப்பிட்டேனா என்று நினைவில்லை. அவளுக்கு முன்னாலேயே தெரியும் என்று அப்போதுதான் சொன்னாள். உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதி அதையும் கிழித்தேன். அது உண்மை இல்லை.

மூன்றாம் நாள் வெங்கட் வீட்டைத் தேடிப் போனேன். அவன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. ஒரு குடோனில் வாட்ச்மேன். லாவண்யா என்று பொண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் பயந்து பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். பார், நான் என்ன ஆளாகிவிட்டேன்.

உன் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தான்.

"தெரியும்கா" என்றான்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல? மூணு வருஷமா கோர்ட்ல நிக்கறியே!"

"இன்னாக்கா சொல்றது? உங்களுக்குன்னு கீறது ஒரே தம்பி. வூட்டுக்காரரும் பூட்டாரு. தம்பியும் இல்லன்னு ஆயிடக் கூடாதுன்னு நெனச்சேன். அதுவுமில்லாம பிரேக்கு போட்டது நான்தானே."

அவன் சட்டையைப் பிடித்த கை இது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். லாவண்யா உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்து அழுதேன். அவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

பதினைந்தாம் தேதி காலையில் சர்ச் காம்பவுண்டில் வண்டி ஏற்றினார்கள். அடுப்பையும் சிலிண்டரையும் லோடு ஆட்டோவில்தான் அனுப்பினேன். கமிட்டியில் எதற்கு வீண் செலவு என்று முணுமுணுத்தார்கள். நான் கேட்கவில்லை. நான்தான் பெல்ட் போட்டேன். ரோஷினி இழுத்துப் பார்த்தாள். பிறகு நானும் இழுத்துப் பார்த்தேன். முழங்கால் வலியோடு ஆட்டோவில் ஏறி இறங்கினேன். நேற்று சாயங்காலம் எல்லோரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். வண்டி கேட்டுக்குள் நுழைகிற வரைக்கும் சர்ச் வாசலிலேயே நின்றிருந்தேன்.

அடுத்த வாய்தா ஜூலை பதினேழு. நீ இதை என்னிடம் சொன்னது போதாது. அங்கே வந்து சொல். வருவாயா, மாட்டாயா என்று மட்டும் எழுது.

ஸ்வீட்லின்


ஹட்பே
05.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்த அன்றே பட்டறையில் சொல்லிவிட்டேன். கணக்கை முடிக்க இந்த மாதக் கடைசி வரை ஆகும். ஜூலை ஐந்தாம் தேதி போர்ட் பிளேரிலிருந்து கப்பல். எட்டாம் தேதி அளவில் சென்னை.

ஜோஸுக்கும் எழுதியிருக்கிறேன். அவன் அறையில் தங்கிக்கொள்வேன். வக்கீலையும் அவனே கூட்டிப்போவான். சொன்னால் என் மேல் என்ன கேஸ் வரும் என்று தெரியாது. வரட்டும். வெங்கட்டைப் பார்த்து என்ன பேசுவது என்றுதான் இங்கே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கூப்பிடாமல் உன் வாசலுக்கு வர மாட்டேன்.

ரோஷினி பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு ஸ்தோத்திரம்.

ஜாபஸ்


நெமிலிச்சேரி
16.06.2025

தம்பி ஜாபஸுக்கு,

கப்பல் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். உடம்பு பரவாயில்லை. டாக்டரிடமும் காட்டிவிட்டேன்.

முகாமைப் பற்றி ரோஷினி இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறாள். முதல் நாள் சாதம் குழைந்துவிட்டதாம். இரண்டாம் நாள் சிக்கன் போட்டுக் கிளறியதில் சரியாக வந்ததாம். மூன்றாம் நாள் பூபாலன் என்று ஒரு பையன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு இவளை உட்கார வைத்துவிட்டானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். நீ வந்து நீயே விசாரித்துக்கொள்.

ஜோஸ் அறையில் தங்க வேண்டாம். அவனே இரண்டு பேரோடு நெருக்கிக்கொண்டு இருக்கிறான். இங்கே ஹாலில் படுத்துக்கொள். முதல் நாள் நான் உன்னோடு பேச மாட்டேன் என்று நினைக்கிறேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ரோஷினி பேசுவாள்.

வெங்கட்டிடம் நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். "எதுக்குக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து" என்றான். லாவண்யாதான், "வரட்டும்கா, வரச் சொல்லுங்க" என்றாள்.

பதினேழாம் தேதி கோர்ட்டுக்கு நானும் வருவேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பக்கத்தில் உட்காருவேனா, வெங்கட் பொண்டாட்டி பக்கத்தில் உட்காருவேனா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ எழுந்து சொல்லும்போது தரையைப் பார்க்க மாட்டேன். உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடல் பயணம், பார்த்து வா.

அக்கா
ஸ்வீட்லின்